இரண்டாவது பெட்டி

பெட்டி மூடமாட்டேன் என்கிறது, அதனால் அதன்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். "அசையாம இருட்டி, உன் கனத்துக்காவது அமுங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குள் போனாள், அதை அம்மா குரலிலேயே, அந்த மூக்கடைப்போடு, ஒருதரம் திருப்பிச் சொன்னேன், உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது, "சவத்து மூதி" என்றாள், அதையும் சொன்னேன், கரண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. அம்மா சிரிக்கிறாள் என்பது கரண்டியிலேயே தெரியும். கார்கோக்காரர் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இப்போது பத்தே கால், அதுவரை நான் ஒரு பேப்பர்வெயிட். அக்காவின் பிரசவத்துக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து நானும் அம்மாவும் இந்த ஷார்ஜா வீட்டுக்கு, ஆறாவது மாடிக்கு, வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. சனிக்கிழமை விமானம், ஆளுக்கு முப்பது கிலோ, மிச்சமெல்லாம் இரண்டு அட்டைப்பெட்டிகளில் கப்பலில் வரும். முதல் பெட்டி அதோ கதவோரம் நைலான் கயிறு கட்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது, பால்பவுடர், பேரீச்சம்பழம், சோப்பு, அப்பாவுக்கு முகம் மழிக்கிற மிஷின், பெரியப்பாவுக்கு டார்ச், ஊரில் யார் யாரையெல்லாம் மறந்தால் பேச்சு நின்றுபோகுமோ அவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தைலக்குப்பி. முகவரியை ஆறு பக்கமும் நான்தான் எழுதினேன், அடியிலும் எழுதச் சொன்னாள் அம்மா, "கவுத்தி வச்சிட்டாம்னா அப்பா பேரு தெரியாண்டாமா?" அப்பா பேர் தரையோடு தரையாகத் தேய்ந்துகொண்டு கடல் தாண்டப் போகிறது, நான் அப்பா குரலில் "ஐயோ நசுங்குதேனே" என்று முனகினேன், அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. அக்காவும் ஒரு காலத்தில் இப்படித்தான் சிரிப்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும்டி பூரணி, போதும்டி என்று. முந்தாநாள் நான் முகவரி எழுதும்போது அவளும் அங்கேதான் நின்றாள், உதடு மட்டும் விரிந்தது.

எனக்கு எல்லார் குரலும் வரும். இந்தக் கட்டிடத்து லிஃப்டில் மாடி எண் சொல்கிற பொம்பளை வருவாள், கீழே உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் வருவார், ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா வருவாள், பழைய ஏசி நிற்கும்போது விடுகிற பெருமூச்சுகூட வரும். அத்தான் குரல் சுலபம், வேலாயுதம் அத்தானுக்கு எந்த வாக்கியமும் 'அப்படியா'வில் தொடங்கும், காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறிப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார், வந்ததும் பாப்பாவைப் பார்த்து "அப்படியா?" என்பார், அது ஒன்றுமே சொல்லியிருக்காது. கார்கோக்காரர் மலையாளத்துக்காரர், அவரைப் போனில் கேட்டே பிடித்துவிட்டேன், "மோளே, லிஸ்டில் இல்லாத்த ஒரு சாதனமும் பெட்டிக்குள்ளே பாடில்ல, கேட்டோ", லிஸ்டில் இல்லாத எதுவும் பெட்டிக்குள் இருக்கக்கூடாதாம், அந்தக் 'கேட்டோ'வைச் சாக்லேட் மாதிரி வாயில் வைத்துக் கரைக்க வேண்டும். லிஸ்ட் என் மடியில் இருக்கிறது. எல்லாச் சாமானையும் எண் போட்டுப் பேரோடு எழுதியிருக்கிறேன், பதினேழாவதைத் தவிர. பதினேழு, பாப்பா சாமான், ஒன்று. அது பாப்பாவின் தொப்புள்கொடி. ஒன்பதாம் நாள் விழுந்தது, காய்ந்து மிளகாய்க்காம்பு மாதிரி இருக்கிறது, மஞ்சள் தொட்ட பஞ்சில் சுற்றிக் காலித் தைலக்குப்பியில் போட்டு இந்தப் பெட்டிக்குள் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள் அம்மா. ஊரில் ஆசாரியிடம் கொடுத்து வெள்ளித் தாயத்துக்குள் அடைத்துப் பாப்பா இடுப்பில் கட்டவேண்டுமாம். கைப்பையில் கொண்டுபோகலாமே என்றேன். "ஏர்போர்ட்ல கதிர் வச்சுல்லா பாக்கானுவ. அது பட்டா புள்ளைக்கு ஆவாது. கப்பல்ல போனா வெறும் கடல்காத்துதான்." துறைமுகத்தில் லாரியையே முழுசாக விழுங்கிப் படம் பிடிக்கிற மிஷின் இருக்கிறது என்று கார்கோக்காரர் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா அவ்வளவு நிம்மதியாகக் குப்பியை மூடினாள். நிம்மதியாக இருக்கிற ஆளிடம் எதையும் சொல்ல எனக்கு வருவதில்லை. அதுதான் கோளாறே.

பெட்டி எனக்குக் கீழே லேசாக மூச்சுவிடுகிறது, அட்டை முனகுகிறது, உள்ளே கீழிருந்து மேலாக என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம், சூட்கேஸில் இடமில்லாமல்போன அம்மா சேலைகள், மருந்து உரசுகிற கல், மிச்சமான பிரசவமருந்து, அதற்கும் மேலே, எனக்கு நேர் கீழே, அக்கா கொடுத்தவை. நேற்றுச் சாயங்காலம் அக்கா தானாக எழுந்து வந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பிள்ளை நடமாடிவிட்டாள் என்று. சர்டிபிகேட் பைல் ஒன்று. கைக்கடிகாரம் ஒன்று. நீலச் சுடிதார் நாலு. "இங்க எதுக்கு இடத்த அடச்சிக்கிட்டு" என்றாள். நான் எழுதிக்கொண்டே போனேன், இருபத்து மூணு, இருபத்து நாலு, இருபத்தஞ்சு. அப்புறம் இரண்டு கவுன். மஞ்சளும் ரோஸும், கழுத்தில் அட்டை தொங்கியது, பன்னிரண்டு மாதம் என்று. பாப்பாவுக்கு இன்று நாற்பத்தைந்தாம் நாள். ஒரு வயது அடுத்த ஏப்ரலில். அடுத்த ஏப்ரலில் பாப்பா எங்கே இருப்பாள்? இங்கே, அவள் அம்மாகிட்டே. அப்போது கவுன் ஏன் அங்கே போகிறது? "ஊருக்கு வரும்போது போடலாம்லா" என்று அம்மா தானாகவே ஒரு பதில் சொல்லி வாங்கி மடித்து வைத்துவிட்டாள். நான் இருபத்தாறு என்று எழுதினேன். பேனா ஆறின் வால்மேலேயே கொஞ்ச நேரம் நின்றது, இப்போது பார்த்தால் அங்கே மை பொட்டு மாதிரி ஊறியிருக்கிறது. ஒருவேளை ஊருக்கு வரும்போது போடத்தான் இருக்கும். ஒருவேளை இடத்தை அடைக்கத்தான் செய்யும். இது சின்ன வீடு. கடிகாரம் எவ்வளவு இடத்தை அடைக்கும்?

ஒரு குரலைப் பிடிக்கத் தொண்டையைப் பிடிக்கக்கூடாது, எல்லாரும் அங்கேதான் தப்புப் பண்ணுவார்கள், மூச்சைப் பிடிக்கவேண்டும், அந்த ஆள் எங்கே நிறுத்தி எங்கே இழுக்கிறார் என்று. அக்கா குரலை நான் அஞ்சு வயதில் பிடித்தேன். அவள் ஹாஸ்டலுக்குப் போயிருந்தபோது அங்கிருந்து அவளுக்குப் பதிலாக அப்பாவிடம் போனில் பேசியிருக்கிறேன். நிச்சயம் முடிந்த புதிதில் அத்தானிடமே அவள் மாதிரி பத்து நிமிடம் பேசினேன், பாவம், ஆறு தடவை "சாப்பிட்டியா" என்று கேட்டார், ஆறு தடவையும் வெட்கப்பட்டேன், பக்கத்தில் அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது அவள் குரல் எனக்கு வருவதில்லை. பழையது வருகிறது, இப்போதுள்ளது வரவில்லை. யார் கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்கிறாளே, அதைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்தேன். சொல் முடிகிறது, முடிந்த இடத்தில் மூச்சு இல்லை. அடுத்த மூச்சு வருவதற்குள் ரொம்ப நேரம் ஆகிறது. நான் அதே மாதிரி நிறுத்தினேன், ஒரு தடவை, இரண்டு, மூன்று, நாலாவது தடவை நெஞ்சு அடைத்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். இப்படியா இருக்கிறது அவளுக்கு உள்ளே, நாள் பூராவும். வெளியே வந்து அம்மாவிடம் போய், "அக்கா சரியில்லம்மா" என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிராமல், "இது யாரு குரலுட்டி?" என்றாள். அது என் குரல்தான். நான்தான் பேசினேன். "டாக்டரம்மா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன், ஏன் சிரித்தேன், தெரியவில்லை, அந்த இடத்தில் சிரிப்பதற்குத்தான் எனக்குப் பழக்கம்.

ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை, மூச்சை வைத்து நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அதற்கு முன்பே எனக்குத் தெரியும், தெரிந்து இன்றோடு பதின்மூன்று நாள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு வேறு எதையாவது போய்ப் பிடித்துக்கொள்கிறது, ஜன்னலுக்கு வெளியே கிரேன், குழாயில் பகலெல்லாம் வெந்நீராகவே வருகிற தண்ணீர், ஏசிக்கு அடியில் வைத்த டப்பாவில் சொட்டு சொட்டாக. அன்றைக்கு வியாழக்கிழமை. அக்கா அறைக்குள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், கதவில் திரை. எனக்கு வேலையில்லை. அக்காவின் மாமியார் குரலில் பேசலாம் என்று தோன்றியது. கல்லிடைக்குறிச்சியில் மாவுமில் வைத்திருக்கிற அத்தை, மில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லுவார்கள். எவர்சில்வர் டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டு பேசினால் போன் ஸ்பீக்கர் சத்தம் அப்படியே வரும். திரைக்கு வெளியே நின்று என் குரலில், "அக்கா, உன் மாமியார் போன்ல, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்" என்றேன். பிறகு டம்ளர். "கோமூ, ஏ கோமூ, கேக்கா, கேக்கா?" பின்னால் ஓடுகிற மில்லையும் மூக்காலேயே ஓட்டினேன், அவ்வளவு நன்றாக வந்தது, எனக்கே உடம்பெல்லாம் சந்தோஷம். புள்ள பால் குடிக்காளா, குடிக்கா அத்தை. எண்ணெ தேச்சு ஊத்துதாளா ஒங்கம்மா, ஊத்துதா அத்தை. அடுத்து என்ன கேட்பது என்று எனக்குச் சட்டென்று வரவில்லை, வாயில் வந்ததைக் கேட்டேன். "நீ தூங்குதியாட்டி? நீ தூங்குதியா?" கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் அக்கா பேசினாள். "இல்லத்தை. எல்லாரும் புள்ள தூங்குதாளான்னுதான் கேக்காவ. கண்ண மூடுனா புள்ள கையிலருந்து நழுவுத மாதிரியே இருக்கு. பால்கனிப் பக்கமே நான் போறதில்ல. அம்மா போயிட்டா பகல் பூரா நானும் இவளும் மட்டுந்தான். என்னால முடியாதத்தை, பேசாம இவளயும் அம்மாகூட அனுப்பிரலாமான்னு வருது, பாஸ்போர்ட் வேற வரல. அம்மாட்ட எப்படிச் சொல்ல, எம்புட்டு ஆசையா வந்தா. நான் சரியான அம்மா இல்லத்தை." டம்ளருக்குள் என் மூச்சு சுட்டது. என்ன செய்திருக்கவேண்டும்? திரையை விலக்கிக்கொண்டு போயிருக்கவேண்டும். நான் டம்ளரை எடுத்துவிட்டு என் குரலில், "லைன் கட்டாயிட்டுக்கா" என்றேன். டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம், "அத்தை திரும்பக் கூப்பிட்டாவளா?" என்று கேட்டாள், இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை நிஜ அத்தை கூப்பிட்டார்கள். புள்ள பால் குடிக்காளா, எண்ணெ தேய்க்கீளா, எல்லாம் இரண்டிரண்டு தடவை. அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்துக்கொண்டே இருந்தாள், நான் பார்த்தேன், அது வரப்போகிறது, இப்போது கேட்கப்போகிறார்கள் என்று, கடைசியில் "வச்சிரட்டுமா, வச்சிரட்டுமா" என்று வைத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே. ஒரே ஒருத்தரிடம் வாயைத் திறந்தாள், அவர்களும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதானே இருந்திருக்கும் அவளுக்கு. அதற்குப் பிறகுதான் கடிகாரம், பைல், கவுன். சொல்லிவிடலாம். எப்படிச் சொல்ல, நான்தான் மாமியாராக நடித்தேன் என்றால் அம்மா என்னைக் கொன்றே போடுவாள், அது போகட்டும், அடிதானே, அடி ஒன்றும் இல்லை. அக்கா முகம். அவள் யாரோ பெரியவர்களிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னது எனக்குள் கிடக்கிறது என்று தெரியும்போது அவள் முகம். அத்தானிடம் சொல்லலாம், அப்படியா என்பார். சனிக்கிழமை போய்விட்டால் ஊரிலிருந்து போனில் சொல்லலாம். போனில். நான் போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? விசாவை இன்னொரு மாதம் நீட்டலாம் என்று அத்தான் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், அம்மா, "எதுக்கு மாப்ள, அதான் நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா" என்றாள். நல்லபடியா முடிந்துவிட்டது. பதினொன்றே முக்கால். அறைக்குள்ளிருந்து பாப்பா சத்தமும் இல்லை, அக்கா சத்தமும் இல்லை. இரண்டு பேரும் தூங்கினால் நல்லது. ஒருத்தி தூங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மணி அடித்தது, அம்மா டேப்போடு ஓடிவந்தாள், கார்கோக்காரர் கையில் கொக்கித் தராசு, நெற்றி பூரா வேர்வை. குரலை வைத்து நான் நினைத்ததைவிட ஒல்லியான மனுஷன். முதல் பெட்டியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி எடை பார்த்து எழுதிக்கொண்டார், அம்மா தண்ணீர் கொடுத்தாள். "மற்றதோ?" என்று என்னைப் பார்த்தார், நான் அதன்மேல் இருந்தேன். "லிஸ்ட்டு வாயிக்கு மோளே, நான் டிக் போடாம்." அம்மா ஒரு பக்கம் டேப்பை ஒட்டிக்கொண்டே என் தொடையைத் தட்டி நகரச் சொன்னாள். நான் நகரவில்லை, படித்தேன், அம்மா சேலைகளை அம்மா குரலில் படித்தேன், அவர் சிரித்தார், மருந்துக்கல்லை டாக்டரம்மா குரலில், பதினேழாவதை லிஃப்ட் பொம்பளை குரலில், அம்மாவுக்கு வெட்கமும் சிரிப்பும், "இவ இப்படித்தாங்க, வீட்டுல ஒரு சினிமாக் கொட்டகைய வச்சிருக்கோம்" என்றாள். இருபத்திரண்டு. அடுத்தது அக்காவுடையது. அக்கா குரலில் படிக்கவேண்டும், வாயைத் திறந்தேன், பழைய அக்கா கிளம்பி வந்தாள், அவள் இதைச் சொல்லமாட்டாள், புது அக்கா வரவில்லை. "எந்தா மோளே?" டேப் கிறீச்சென்று இழுபட்டு என் பாவாடை ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. நான் எழுந்தேன், பெட்டி வாய் பிளந்துகொண்டது. அம்மா கத்துவது பின்னால் கேட்டது, நான் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் பாப்பா. கட்டிலைச் சுற்றித் தரையில் தலையணை, போர்வை, மடித்த துண்டு, சோபா மெத்தைகூட, ஒரு சாண் விடாமல் பரப்பியிருந்தது. விழுந்தால் அடிபடாமல் இருக்க. எப்போது எடுத்தாள் அதையெல்லாம், நான் ஹாலில்தானே இருந்தேன், யார் யார் குரலிலோ பேசிக்கொண்டு. அந்த மெத்தைமேல் முட்டி போட்டு நின்றேன். "அக்கா, அன்னைக்கு அத்தை போன் பண்ணல. நான்தான். டம்ளர் வச்சுப் பேசினேன்." அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப அவ்வொ கேக்கவே இல்லையா?" என்றாள். "கேக்கல." "ஒண்ணுமே தெரியாதா அவ்வொளுக்கு?" "தெரியாதுக்கா." "ரெண்டு ஞாயித்துக்கெழமையும் ஒண்ணும் நடக்காத மாதிரிப் பேசுனாவ. என்னய ஒரு புத்தி கெட்டவன்னு நெனச்சுட்டாவ போலன்னு..." பாப்பாவை விடாமல் ஒரு கையால் என் சடையைப் பிடித்து இழுத்தாள், அடிக்கத்தான் என்று நினைத்தேன், என் தலையைத் தன் தோளில் முட்டவைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள், அப்புறம் அந்த மூச்சு வந்தது, நாற்பது நாளாக வராத மூச்சு எல்லாம் சேர்ந்து, சத்தமாக, அசிங்கமாக, யாராலும் நடித்துக் காட்டமுடியாத மாதிரி.

அம்மா வாசலில் நின்றாள், மணிக்கட்டில் டேப் உருளை வளையல் மாதிரி. எந்தப் பேச்சிலிருந்து கேட்டாளோ. "அம்மா, நீ போவாதம்மா" என்றாள் அக்கா என் தலைக்கு மேலே. அம்மா தரையைப் பார்த்தாள், ஒவ்வொரு தலையணையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், சோபா மெத்தைவரை. "எங்கிட்ட சொல்லப்பிடாதாட்டி?" என்றாள், அது கோபம் மாதிரிதான் இருந்தது, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "நீ நாள எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்ட." "நாசமாப் போச்சு என் சந்தோஷம்" என்று சொல்லிப் பாப்பாவைத் தூக்கினாள், ஒரு நொடி அக்கா கைகள் அப்படியே காற்றில் கிண்ணம் மாதிரி நின்றன, அம்மா அந்தக் கைகளை ஒவ்வொன்றாகக் கீழே எடுத்துவைத்தாள். "படு. கால நீட்டு." அக்கா நீட்டினாள். "அழுதா எழுப்பவாம்மா?" "யாரும் யாரையும் எழுப்பப்போறதில்ல." பாப்பாவை என் கையில் கொடுத்தாள், கழுத்துக்கு அடியில் கை வை என்று கண்ணாலேயே சொன்னாள். என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்பாள், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஹாலில் கார்கோக்காரர் தராசைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார், எல்லாம் கேட்ட ஆள் நிற்கிற மாதிரி. "ஒரு பெட்டி மட்டும் போட்டும் தம்பி" என்றாள் அம்மா. அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து இரண்டாவது பெட்டியின் டேப்பை அறுத்துக் கொடுத்தார், முதல் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் காலாலேயே சாத்திக்கொண்டு போனார். அம்மா தரையில் உட்கார்ந்து அக்காவின் கவுன்களை, பைலை, கடிகாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பாப்பா என் கையில் கனமாக இருந்தாள், வெதுவெதுப்பாக, என் தாடையையே பார்த்துக்கொண்டு. அறைக்குள்ளிருந்து ஒரு குறட்டை வந்தது, சின்னது, நடுவில் உடைந்தது, மறுபடி வந்தது. அம்மா போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டாள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். "மாப்ள, எங்க விசாவ நீட்டணும். பூரணி பள்ளிக்கூடம் கெடக்கட்டும், அவ்வொ அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க சாயங்காலம் வெரசா வாங்க, கோமதிய டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போணும். பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, பிள்ளையப் பெத்தவளுக்குத்தான்." அந்தப் பக்கம் அத்தான் ஏதோ கேட்டார். அம்மா அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எத்தன நாளைக்கா? அவ தூங்கி எந்திரிக்கட்டும், சொல்லுதேன்."